டர்போ பெட்ரோல் வண்டி குமுளி மலைக்குத் தாங்குமா?

வாசகர் கேள்வி, 31 மே 2024

அண்ணே, உத்தமபாளையத்திலிருந்து எழுதுகிறேன். பழைய சுவிஃப்ட் டீசலை விற்றுவிட்டு ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வாங்கலாம் என்று யோசனை. ஏலக்காய் வேலையாக வாரம் இரண்டு தடவை குமுளி ஏறி வண்டன்மேடு வரை போக வேண்டும். சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார். "மூணு சிலிண்டர், ஆயிரம் சிசி, அது மலைக்கு இழுக்காது. டர்போ அம்பதாயிரத்துல புட்டுக்கும்" என்கிறார். உண்மையா?

2 ஜூன் 2024

இழுக்கும். சித்தப்பா சொன்னதில் முதல் பாதி தப்பு. இரண்டாம் பாதியைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, என் வண்டி இப்போதுதான் 38,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கிறது.

சிசியை வைத்து மலையை அளப்பது அம்பாசடர் காலத்துப் பழக்கம். ஏற்றத்துக்கு வேண்டியது டார்க், அதாவது இன்ஜினின் திருப்புவிசை, அதன் அளவுதான் என்எம். அது எந்த ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, கிடைக்கிறது என்பதும் முக்கியம். பிஎஸ் என்பது குதிரைத்திறன். தம்பியின் சுவிஃப்ட் டீசல் 1248 சிசி, 75 பிஎஸ், 190 என்எம். அந்த 190 கைக்கு வருவது 2000 ஆர்பிஎம்மில். ஹூண்டாய் வென்யூவின் ஒரு லிட்டர் டர்போ 998 சிசி, 120 பிஎஸ், 172 என்எம். அது 1500இல் வந்து 4000 வரை அப்படியே நிற்கும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் ஒரு லிட்டர் டிஎஸ்ஐ 999 சிசி, 115 பிஎஸ், 178 என்எம். மாருதி ஃப்ராங்ஸில் உள்ள பூஸ்டர்ஜெட் 100 பிஎஸ், 148 என்எம். நெக்ஸான் 1199 சிசி, 120 பிஎஸ், 170 என்எம். இவற்றோடு டர்போ இல்லாத ஹூண்டாய் 1.2 லிட்டரை வைத்துப் பாருங்கள்: 83 பிஎஸ், 114 என்எம், அதுவும் 4000 வரை இன்ஜினை அலறவிட்டால்தான். சித்தப்பா பயப்பட வேண்டியது அந்த வண்டிக்கு.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பம் சுமார் 400 மீட்டர், குமுளி சுமார் 900. டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் பலம் இழக்கும். குமுளியில் அது பெரிதாகத் தெரியாது, மூணாறு போனால் தெரியும். டர்போ மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் அந்த நஷ்டத்தைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும்.

என் வண்டி எது என்று கேட்காதீர்கள். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் பீய்ச்சுகிற வகை, ஆறு கியர் மேனுவல், 2021இல் வாங்கியது. குறை சொல்லப்போகிற இடத்தில் கம்பெனிப் பெயர் எதற்கு.

3 ஜூன் 2024

ஒன்று விட்டுப்போச்சு. 1500க்குக் கீழே இந்த இன்ஜின்கள் வெறும் ஆயிரம் சிசிதான். கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வந்து நின்றுவிட்டால், திரும்ப எடுக்கும்போது இரண்டாவது கியரில் கெஞ்சாதீர்கள். முதல் கியர். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

9 ஜூன் 2024

டர்போ ஏன் கெடுகிறது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி இன்ஜினுக்கு அனுப்புகிறது. சின்ன டர்போவில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை போகும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம். டீசலில் புகை 800 டிகிரிக்குப் பக்கம் என்றால் பெட்ரோலில் 950 வரை ஏறும். டீசல் டர்போ இரண்டு லட்சம் கிலோமீட்டர் உழைக்கிறதே என்று இதையும் அதே கணக்கில் வைக்க முடியாது. மலை ஏறிய சூட்டோடு படக்கென்று ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நின்று, உள்ளே தங்கிய ஆயில் கருகி, தோசைக்கல்லில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படியும்.

ஆகவே எங்கே நிறுத்தினாலும் இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் ஆஃப் செய்ய வேண்டும். வீட்டு வாசலில் நான் முதல் நாளிலிருந்து அப்படித்தான்.

28 ஜூன் 2024

வாய் முகூர்த்தம். டர்போவைப் பற்றி எழுதி மூன்று வாரம் ஆகவில்லை, எனக்கே வந்துவிட்டது.

போன வெள்ளி, நல்ல மழை. மச்சான் பக்கத்து சீட்டில். லோயர் கேம்ப் தாண்டி மூன்றாவது கியரில் ஏறுகிறேன், வண்டி திடீரென்று சோர்ந்தது. ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தும் ஒன்றும் இல்லை. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. இரண்டாவதில் போட்டு முப்பது வேகத்தில் உருட்டி, பின்னால் வந்த ஜீப்புக்காரர்களின் வசவையெல்லாம் வாங்கிக்கொண்டு குமுளி போய்ச் சேர்ந்தோம். ஆஃப் செய்து திரும்பப் போட்டதும் கொஞ்ச தூரம் நன்றாக ஓடியது. அப்புறம் மறுபடியும் அதே கதை.

சனிக்கிழமை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். எந்த ஊர், எந்த சென்டர் என்பது வேண்டாம். ஸ்கேனரைச் செருகினார்கள். பி0299 என்ற கோடு. டர்போ தர வேண்டிய அழுத்தம் வரவில்லை என்று அர்த்தம். பானெட்டைத் திறந்து அரை நிமிடம் பார்த்துவிட்டு, "சார், டர்போ போச்சு, முழுசா மாத்தணும்" என்றார்கள். எஸ்டிமேட் தொண்ணூறாயிரத்தைத் தொட்டது. சித்தப்பா முகம் கண்முன்னால் வந்து போனது. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பிவிட்டேன்.

திங்கட்கிழமை குமுளியில் பழைய பழக்கமுள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். எல்லோரும் ஆசான் என்று கூப்பிடுகிற மனுஷர். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கி, "வண்டி வலிக்குன்னில்லா" என்றார். மச்சான் கம்பத்துக்காரன், மலையாளம் அரைகுறை. "வலிக்கலைன்னா நல்லதுதானே ஆசானே, எதுக்கு வைத்தியம்?" என்றான். மலையாளத்தில் வலிப்பது என்றால் இழுப்பது என்று விளக்கிச் சொல்ல ஒரு டீ செலவானது.

ஆசான் டர்போவைத் தொடவே இல்லை. ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, அந்த வாயில் ஒரு மூடியைப் பொருத்தி, டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரால் கொஞ்சம் அழுத்தம் ஏற்றினார். ஷாம்புத் தண்ணீரை எல்லா ஹோஸ் மேலும் தெளித்தார். அமுக்கிச் சூடான காற்றை ஆற வைக்கிற இன்டர்கூலருக்குக் கீழே வளைந்து போகிற ஹோஸில் குமிழ் குமிழாகப் பொங்கியது. கிளாம்ப் லூஸ், அதன் ஓரத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. அமுக்கிய காற்றில் பாதி ரோட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. டியூபில் ஓட்டை இருக்க, பம்பை மாற்றச் சொன்ன கதை.

ஹோஸ் வர நாலு நாள். ஹோஸும் கூலியும் சேர்த்து 3,100 ரூபாய்.

29 ஜூன் 2024

ஒரு விஷயம் நேற்று எழுதக் கூச்சமாக இருந்தது. இரண்டு வாரமாகவே ஏற்றத்தில் உஸ்ஸென்று ஒரு சத்தம் கேட்டது. சத்தம் வந்த இடம் இரைச்சல் பாலத்துக்குப் பக்கம். பெரியாறு மின் நிலையத் தண்ணீர் சத்தம் என்று நினைத்துக் கண்ணாடியை இறக்கி ரசித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

இதே பி0299 கோடு வேறு காரணங்களாலும் வரும். ஆக்சிலேட்டரை விட்டதும் மிச்சக் காற்றைத் திருப்பிவிடுகிற டைவர்ட்டர் வால்வு கிழிந்தாலும் வரும். டர்போவுக்குப் போகிற புகையில் அதிகப்படியை ஒதுக்கிவிடுகிற வேஸ்ட்கேட் சரியாக மூடாவிட்டாலும் வரும். உண்மையிலேயே டர்போ தேய்ந்தாலும் வரும். தேய்ந்த டர்போவுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. நீலப் புகை, ஆயில் குறைவது, அம்புலன்ஸ் மாதிரி ஊளை, தண்டை விரலால் அசைத்தால் ஆட்டம். எனக்கு இதில் ஒன்றும் இல்லை. அந்த சென்டரில் ஒருவரும் விரலை வைத்துப் பார்க்கவில்லை.

ஓட்டை ஹோஸோடு ஓட்டிக்கொண்டே இருந்தாலும் ஆபத்துதான். போன காற்றை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மேல் சுற்றும். கடைசியில் அதுவும் நிஜமாகவே போகும்.

14 ஜூலை 2024

9ஆம் தேதி ஜூனில் எழுதிய இரண்டு நிமிடக் கணக்கை வாபஸ் வாங்குகிறேன்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி ஐடிலில் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு அக்கா ஜன்னலருகே வந்து, "உள்ள சண்டையா தம்பி, இறங்கவே மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் யோசித்தேன். குமுளியிலிருந்து இறங்கும்போது இன்ஜினுக்கு வேலையே இல்லை. அப்புறம் லோயர் கேம்ப், கூடலூர் தாண்டிக் கம்பம் வருவதற்குள் சமதளத்தில் மெதுவாக ஓடி எல்லாம் ஆறிவிட்டது. என் வாசலில் ஆற வைக்க என்ன இருக்கிறது?

சூடாக இருப்பது மலை உச்சியில். குமுளி செக்போஸ்ட் தாண்டிய உடனே டீக்கடையில் படக்கென்று ஆஃப் செய்கிறோமே, அங்கேதான் ஒரு நிமிடம் விட வேண்டும். மூன்று வருடமாகத் தேவையில்லாத இடத்தில் பெட்ரோலை எரித்துவிட்டு, தேவையான இடத்தில் டீக்கு ஓடியிருக்கிறேன். இன்றைய டர்போக்களில் பல, தண்ணீரால் குளிர்பவை. சிலவற்றில் இன்ஜின் நின்ற பிறகும் சின்ன மின்சார பம்ப் கூலன்ட்டைச் சுற்றவிடும். ஆஃப் செய்தபின் எங்கிருந்தோ முனகல் கேட்டால் பயப்பட வேண்டாம்.

25 ஆகஸ்ட் 2024

கால் சுளுக்கி மூன்று வாரம் மலைக்குப் போகவில்லை. வீட்டுக்காரம்மா பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் ஓட்டினார். இன்று ஆயில் அளவு பார்க்கிற கம்பியைத் துடைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு குறையவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் ஏறின மாதிரிகூட இருக்கிறது. டர்போ ஆயில் குடிக்கும் என்பவர்கள் கவனிக்கவும்.

27 ஆகஸ்ட் 2024

மேலே உள்ள குறிப்பைப் படித்த ஒருவர் ஒரே வரி கேட்டார்: "ஆயில் எப்படிண்ணே ஏறும்? குட்டி போடுமா?"

கம்பியை மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை.

நேரடியாக பீய்ச்சுகிற இன்ஜினில் இது தெரிந்த சங்கதிதான், எனக்குத்தான் உறைக்கவில்லை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் சூடாவதே இல்லை. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் பெட்ரோல் ஒட்டி, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே வழிந்து ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப்போகிறது. நிமிடத்துக்கு லட்சக்கணக்கில் சுற்றுகிற தண்டைத் தாங்குவது இந்த ஆயில்தான். நீண்ட ஓட்டம் ஓடினால் கலந்த பெட்ரோல் ஓரளவு ஆவியாகிவிடும். எனக்கு ஆயில் மாற்ற இன்னும் ஆயிரம் கிலோமீட்டர்தான் பாக்கி, ஆகவே மாற்றிவிட்டேன். கம்பெனிப் புத்தகம் சொல்வது 10,000. மலையும் குட்டி ஓட்டமும் கலந்த எனக்கு 7,500 என்று வைத்துக்கொண்டேன்.

மலை ஏறுவதால் வண்டி கெடும் என்பது சித்தப்பா கட்சி. மலை ஏறாத மூன்று வாரத்தில்தான் என் ஆயில் கெட்டது.

20 அக்டோபர் 2024

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மச்சான் ஓட்ட, நான் பக்கத்தில். இருபது வருடம் டீசல் ஓட்டிய கை, அவ்வளவு லேசில் மாறாது. ஏற்றத்தில் நாலாவது கியர், 1400 ஆர்பிஎம், கால் தரை வரை. டீசல் இப்படி முக்கிக்கொண்டே ஏறிவிடும், கியர் மாற்றாமல் ஏறுவது எங்கள் பக்கம் ஒரு பெருமை. டர்போ பெட்ரோலிலும் டார்க் சீக்கிரமே வருவதால் இதுவும் ஏறுகிறது. ஆபத்தும் அங்கேதான்.

ஆர்பிஎம் குறைவு, சுமை அதிகம். இந்த நிலையில் பிஸ்டன் ரிங்குக்கு மேலே உள்ள சந்தில் தங்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் தீப்பொறி விடுவதற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும். மேலே ஏறிக்கொண்டிருக்கிற பிஸ்டன் தலையில் சம்மட்டி அடி. சாதாரண நாக்கிங் (தீப்பொறிக்குப் பிறகு மிச்சப் பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டுவது) என்றால் கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும். இதில் தீப்பொறிக்கு முன்பே காரியம் முடிந்துவிடுவதால் அதற்கு வழியில்லை. ரிங் உட்காருகிற பிஸ்டன் விளிம்பு உடைந்த சம்பவங்கள் உலகம் முழுக்க உண்டு.

ஆயிலுக்கும் இதில் பங்கு உண்டு என்று கண்டுபிடித்தார்கள். அழுக்கெடுக்கச் சேர்க்கிற கால்சியம் அதிகமானால் இந்த முன்பற்றல் கூடுகிறது. அதனால் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயிடமிருந்து 2018இல் ஏபிஐ எஸ்என் பிளஸ், 2020இல் ஏபிஐ எஸ்பி என்று புதிய தரங்கள் வந்தன. டப்பாவின் பின்பக்கம் வட்டத்துக்குள் எஸ்பி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டு மூலையில் கிடக்கிற பழைய டீசல் ஆயிலை மிச்சம் பிடிக்க இதில் ஊற்றாதீர்கள்.

மூன்றாவதில் 2200, 2500 வைத்து ஏறுங்கள். இன்ஜின் கத்துகிறது என்று மச்சான் சொல்கிறான். கத்தட்டும், முக்கக் கூடாது.

8 டிசம்பர் 2024

ஆட்டோமேட்டிக் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறார். ஐயப்பன் சீசனில் கம்பம்மெட்டு ரோட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்கவும். பத்தடி நகர்ந்து ஐந்து நிமிடம் நிற்கிற ஏற்றத்தில், ஆயில் இல்லாத உலர் கிளச் வகை இரட்டைக் கிளச் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிகள் சூடாகி எச்சரிக்கை விளக்குப் போடும். நான்கைந்து வண்டி ஓரத்தில் நின்றதைப் பார்த்தேன். கிளச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுவையைக் கடத்துகிற டார்க் கன்வெர்ட்டர் வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. நகரும்போது முழுசாக நகருங்கள், கிளச்சில் தொங்கவிடாதீர்கள். மேனுவல்காரர்களுக்கும் இதேதான்.

16 பிப்ரவரி 2025

பழைய ஈகோஸ்போர்ட் ஒன்று, 2014 மாடல் ஈகோபூஸ்ட், மலிவாகக் கிடைக்கிறது என்று சின்னமனூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். 999 சிசி, 125 பிஎஸ், 170 என்எம், ஓட்ட அருமையான இன்ஜின். ஆனால் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கிற அதன் டைமிங் பெல்ட் இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடுகிற வகை. ஆயிலைச் சொன்னபடி சொன்ன நேரத்தில் மாற்றாத வண்டியில் பெல்ட் ரப்பர் உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கும், டர்போவுக்கு ஆயில் போகாது. பில் புத்தகம் இல்லாமல் வாங்காதீர்கள். ஃபோர்டு 2021இல் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது, உதிரிப்பாகம் தேடி அலையத் தெம்பும் வேண்டும்.

டர்போ பெட்ரோல் நேற்று வந்த சமாச்சாரம் என்று அவர் எழுதியிருந்தார், அதுவும் இல்லை. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இலேயே டர்போவுக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ பெட்ரோல் கார் விற்பனைக்கு வந்தது. மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும், அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று பெயர். ஆட்கள் ஊற்ற மறந்தார்கள், தொட்டி காலியானால் பலம் குறைந்துவிடும். வாங்கியவர்கள் புகார் சொல்ல, கடைசியில் பல வண்டிகளில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். வாஷர் தண்ணீர் ஊற்றவே மறக்கிற நம் ஆட்களுக்கு அந்த வண்டி வந்திருந்தால்!

31 ஆகஸ்ட் 2025

எல்லோரும் இருபது சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பற்றியே கேட்கிறார்கள்.

என் நோட்டுப் புத்தகப்படி மைலேஜ் 14.6லிருந்து 13.9 ஆகியிருக்கிறது. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பத்து சதவீதக் கலவையிலிருந்து இருபதுக்குப் போனால் மூன்று, மூன்றரை சதவீதம் குறைவது கணக்கு. எனக்குக் குறைந்தது ஐந்துக்குப் பக்கம். மிச்சம் ஏசியோ என் காலோ. மச்சான் காலாகவும் இருக்கலாம்.

டர்போ இன்ஜினுக்கு எத்தனாலில் ஒரு லாபமும் உண்டு. ஆக்டேன் கூடுதல், ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சும், அதனால் நாக்கிங் குறையும். பிரச்சினை பழைய ரப்பர் ஹோஸ், சீல், நின்றே கிடக்கிற வண்டியின் டேங்கில் சேருகிற ஈரம். 2023க்கு முந்திய வண்டி என்றால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கேரளா பங்கில் போட்டால் எத்தனால் கம்மி என்று ஒரு வதந்தி ஓடுகிறது. அங்கே விலைதான் அதிகம். குமுளிக்காரர்களே இறங்கும்போது நம் பக்கம் டேங்கை நிரப்பிக்கொண்டு போகிறார்கள்.

12 அக்டோபர் 2025

61,000 கிலோமீட்டர். அம்பதாயிரத்தில் புட்டுக்கும் என்ற கெடு தாண்டிவிட்டது, டர்போ அதேதான்.

போன மாதம் ஏற்றத்தில் மட்டும் ஒரு குலுக்கல். இந்தத் தடவை நேராக ஆசானிடம். பிளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருந்தது. அழுத்தம் அதிகமுள்ள சிலிண்டரில் தீப்பொறி தாவுவது கஷ்டம், அதனால் டர்போ இன்ஜின்களில் இடைவெளி 0.7 மில்லிமீட்டர் சுமாருக்குச் சின்னதாகவே வைப்பார்கள். சமதளத்தில் தெரியாத குறை, முழுச் சுமையில் தெரியும். மூன்று பிளக், பிளக்குக்கு மின்சாரம் தருகிற காயில் ஒன்று, மாற்றியாயிற்று.

கழற்றிய கையோடு கேமராவை உள்ளே விட்டு வால்வைக் காட்டினார். இன்டேக் வால்வின் முதுகில் கரி, பனங்கருப்பட்டி அப்பியது போல. பழைய வகையில் பெட்ரோல் வால்வு மேல் பட்டுக் கழுவிக்கொண்டே இருக்கும். நேரடி வகையில் அந்தக் குளியல் கிடையாது, இன்ஜினுக்குள்ளிருந்து திரும்பி வருகிற ஆயில் ஆவி படிந்து கரியாகும். நெக்ஸான் மாதிரி வெளியே பீய்ச்சுகிற டர்போவுக்கு இந்த வியாதி இல்லை, ஜூனில் எழுதிய பட்டியலில் இதைச் சொல்லியிருக்க வேண்டும். டேங்கில் ஊற்றுகிற கிளீனர் பாட்டில் இங்கே வீண், அது வால்வு பக்கமே போகாது. வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றோடு அடித்து எடுப்பார்கள். "இப்போ வேண்டா, எண்பதினாயிரத்தில் நோக்காம்" என்றார் ஆசான். வேலை வேண்டாம் என்று சொல்கிற மெக்கானிக்.

9 நவம்பர் 2025

தம்பி வாங்கியேவிட்டார். ஒரு லிட்டர் டர்போ, மேனுவல், செகண்ட் ஹேண்ட், 42,000 ஓடியது. சித்தப்பாதான் முன் சீட்டில் உட்கார்ந்து முதல் நடை குமுளி போனாராம், ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

நேற்று இரவு தம்பியிடமிருந்து ஒரு செய்தி: "அண்ணே, இரைச்சல் பாலத்துக்கிட்ட உஸ்ஸுனு சத்தம். தண்ணிதானே?"

பாலம் தாண்டியும் கேட்டால் தண்ணீர் இல்லை. ஞாயிறு காலை ஆறரைக்கு லோயர் கேம்ப்பில் நிற்கிறேன். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது, வரும்போது ஷாம்பு பாக்கெட் இரண்டு வாங்கி வரவும்.